'எங்க நைனா போட்டோ இருக்குதாக்கா?' - பட்டினப்பாக்கத்தில் ஒரு லினக்ஸ் லேப்டாப்பின் கதை!

பட்டினப்பாக்கம் பஸ் ஸ்டாண்டிலிருந்து சீனிவாசபுரம் பக்கம் நடந்தால், ஜன்னல் கம்பிகளைப் பார்த்தே கடல் எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடலாம். முதலில் பெயின்ட் உப்பியிருக்கும். அடுத்த வரிசையில் துரு. கடைசி வரிசையில் கம்பியே பாதிதான் மிச்சம். அடையாறு கடலில் சேரும் அந்த முனையில் பூட்டு, சைக்கிள் செயின், டேபிள் ஃபேன் எதற்கும் ஆயுசு கெட்டி கிடையாது. அங்கே ஒரு பெண் பத்து வருடத்துக்கு மேல் ஒரே லேப்டாப்பில் பிழைப்பு நடத்தியிருக்கிறார் என்றால் ஆச்சர்யம்தான்.

வாரியக் குடியிருப்பின் தரைத்தளத்தில், முன்னறையையே கடையாக்கி டி.டி.பி வேலை செய்கிறார் அவர். பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால், ஏரியா பிள்ளைகள் கூப்பிடுவதுபோல 'அக்கா' என்றே வைத்துக்கொள்வோம். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணப் பத்திரிகை, சங்கத்துக்கு மனு, ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கும் விண்ணப்பம் என்று எல்லாம் அடித்துக் கொடுப்பார். ஆனால், அவரைத் தேடி அதிகம் வருகிறவர்கள் துக்க வீட்டுக்காரர்கள்தான். கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பதினாறாம் நாள் கார்டு, முதலாம் ஆண்டு நினைவஞ்சலி.

இறந்தவருக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு போட்டோதான் இருக்கும். யாரோ ஒருவர் கல்யாணத்தில் பின்வரிசையில் நின்றது, வாக்காளர் அட்டையில் இருக்கும் முகம், பாஸ்புக்கில் ஒட்டியது. 2004 டிசம்பர் 26-ம் தேதி சுனாமி சீனிவாசபுரத்துக்குள் புகுந்தபோது, பல வீடுகளில் பீரோவோடு ஆல்பமும் போய்விட்டது. மிச்சமிருக்கும் அந்த ஒரு படத்தை அக்கா ஸ்கேன் செய்து, கறை நீக்கி, பின்னால் நீல வானம் வைத்துக் கொடுப்பார். வருடம் திரும்பியதும் அதே குடும்பம் வந்து நிற்கும். கையில் படம் இருக்காது. "உங்ககிட்ட இருக்கும்ல?" என்பார்கள். இருக்கும். அதுதான் அவர் கடையின் பெயர்.

அந்த லேப்டாப் மகள் ப்ளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்தது. 2011-ல் தமிழக அரசு தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் வந்தவற்றில் விண்டோஸோடு 'பாஸ்' என்ற லினக்ஸும் சேர்ந்தே இருந்தது பலருக்கு நினைவிருக்காது. அது டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து சென்னை சி-டாக் உருவாக்கியது. பெரும்பாலான வீடுகளில் அதை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. அக்கா வீட்டில் திறக்கவேண்டி வந்தது. வாடிக்கையாளர்களின் பென் டிரைவ் வழியாக வைரஸ் வந்து விண்டோஸ் படுத்துவிட, அண்ணன் மகன் வந்து, முழுக்க லினக்ஸுக்கே மாற்றிவிட்டுப் போனான். லிப்ரே ஆஃபீஸ், கிம்ப், தமிழ்99 விசைப்பலகை. ஒரு வாரம் திட்டினார். பிறகு பழகிவிட்டது.

பேட்டரி எப்போதோ போய்விட்டது. வயதானால் எந்த லேப்டாப்புக்கும் வருவதுதான். ஆக, சார்ஜர் வயர் இருக்கும்வரைதான் உயிர். ஒரு நாள் மாலை கல்யாணப் பத்திரிகை ஒன்று பாதியில் இருக்க, பக்கத்து வீட்டுக் குழந்தை ஓடிய ஓட்டத்தில் வயர் காலில் பட்டுப் பிடுங்கிக்கொண்டது. ஸ்க்ரீன் கறுப்பு. மறுபடி போட்டால் வெள்ளை எழுத்தில் ஆங்கில வரிகள் ஓடின. அக்காவுக்கு வயிற்றைக் கலக்கியது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வழக்கமான திரை வந்துவிட்டது. எல்லா ஃபைலும் இருந்தன. கடைசியாக அடித்த சில வரிகள் மட்டும் இல்லை.

அந்த வெள்ளை வரிகள் சொன்னது, 'ஜர்னலைப் பார்த்துச் சரி செய்துகொண்டிருக்கிறேன்' என்பதைத்தான்.

சிட்டையும் பேரேடும்

அந்தக் காலத்து மளிகைக் கடையில் சிட்டை, பேரேடு என்று இரண்டு கணக்கு இருக்கும். நடப்பதை உடனுக்குடன் சிட்டையில் குறிப்பார்கள். பிறகு ஆற அமர உட்கார்ந்து பேரேட்டில் ஏற்றுவார்கள். பேரேடு எழுதும்போது விளக்கு அணைந்தால் பரவாயில்லை. மறுநாள் சிட்டையைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து ஏற்றிக்கொள்ளலாம். சிட்டையிலேயே பாதியில் நின்ற வரியை அடித்துவிடலாம்.

கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க் என்பது எண் போட்ட கோடிக்கணக்கான சின்னச் சின்னக் கட்டங்கள், அவ்வளவுதான். எந்தப் படம் எந்தெந்தக் கட்டத்தில் இருக்கிறது, அதன் பெயர் என்ன, எந்தக் கட்டம் காலி என்று கணக்கு வைத்திருப்பது ஃபைல் சிஸ்டம். அந்தக் கணக்குப்பிள்ளை சரியில்லை என்றால் சரக்கு இருந்தும் இல்லாத மாதிரிதான்.

லினக்ஸில் இந்த வேலைக்குப் பல கணக்குப்பிள்ளைகள் உண்டு. விண்டோஸில் கேட்காத கேள்வியை லினக்ஸ் போடும்போது கேட்பதற்குக் காரணம் இதுதான். அதிகம் பேர் கண்ணை மூடிக்கொண்டு 'சரி' அழுத்துவது எக்ஸ்ட்4-க்கு. 1992-ல் ரெமி கார்ட் எழுதிய எக்ஸ்ட்டில் தொடங்கிய குடும்பம் அது. 1993-ல் எக்ஸ்ட்2. அதில் சிட்டை கிடையாது. கரன்ட் போனால் மொத்த டிஸ்க்கையும் வரிவரியாகச் சரிபார்க்க வேண்டும். டிஸ்க் பெரிதாகப் பெரிதாக டீ குடித்துவிட்டு வந்தாலும் முடிந்திருக்காது. ஸ்டீபன் ட்வீடி சேர்த்த சிட்டையோடு எக்ஸ்ட்3 2001-ல் வந்தது. 2008 கடைசியில் எக்ஸ்ட்4. அதை வழிநடத்துபவர் தியோடர் சோ. அந்தக் கூட்டத்தில் ஐ.பி.எம்மைச் சேர்ந்த சுபர்ணா பட்டாச்சார்யா, அனீஷ் குமார் என்று நம் ஊர்ப் பெயர்களும் உண்டு.

இதை நீங்கள் ஆண்ட்ராய்டு போனில் படிக்கிறீர்களா? அப்படியென்றால் உங்கள் கையில் இருப்பதும் லினக்ஸ்தான். உள்ளே உங்கள் போட்டோக்களுக்குக் கணக்கு எழுதுவது பெரும்பாலும் இதே எக்ஸ்ட்4, அல்லது போன்களில் இருக்கும் ஃப்ளாஷ் மெமரிக்கென்றே சாம்சங் உருவாக்கி 2013-ல் லினக்ஸில் சேர்ந்த எஃப்2எஃப்எஸ். பேட்டரி பொசுக்கென்று போய் போன் அணைந்தாலும் மறுபடி ஒழுங்காக எழுந்து வருவதில் இவற்றுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எக்ஸ்ட்4 வழக்கமாகச் சிட்டையில் ஏற்றுவது ஃபைலைப் பற்றிய கணக்கைத்தான். படத்தின் உள்ளே இருக்கும் முகத்தை அல்ல. வயர் பிடுங்கிய அன்று அக்காவுக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்க நியாயமில்லை.

பாதி முகம்

அது தெரிந்தது ஒரு மார்கழியில். "எங்க நைனா போட்டோ இருக்குதாக்கா? அஞ்சாம் வருஷம் வருது" என்று ஒரு பையன் வந்தான். அப்பா போனபோது பள்ளிக்கூடத்தில் படித்தவன், இப்போது படகில் போகிறான். மூலப்படம் ஒரு மழையில் கூரை ஒழுகி நைந்துவிட்டது. அக்கா ஃபோல்டரைத் திறந்தார். பெயர் இருந்தது. தேதி இருந்தது. க்ளிக் செய்தால் நெற்றி, கண், மூக்கு வரைக்கும் சரியாக இருந்தது. அதற்குக் கீழே ஒரே சாம்பல் நிறம்.

எந்த எச்சரிக்கையும் வரவில்லை. கம்ப்யூட்டர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பதறிப்போய் பேக்கப் வைத்திருந்த ஹார்ட் டிஸ்க்கை மாட்டினார். அதிலும் அதே சாம்பல்.

அவர் மாதாமாதம் பேக்கப் எடுப்பவர். நிறைய ஐ.டி-காரர்கள்கூடச் செய்யாத காரியம். மொத்த ஃபோல்டரையும் இழுத்து ஹார்ட் டிஸ்க்கில் போடுவார். 'பழையதை மாற்றிவிடவா?' என்று கேட்கும். 'எல்லாவற்றையும்' என்று அழுத்துவார். எப்போதோ ஒரு மாதம் லேப்டாப்பில் அந்தப் படம் கெட்டிருக்கிறது. அடுத்த பேக்கப்பில், கெட்ட படம் போய் நல்ல படத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது. இடையில் இருந்த எல்லோரும் சொன்னதைச் சரியாகச் செய்தார்கள், வாயைத்தான் திறக்கவில்லை.

பையன் வீட்டுச் சுவரில் முதலாம் ஆண்டு கார்டு லேமினேட் செய்து மாட்டியிருந்தது. அதை எடுத்துவரச் சொன்னார். மூக்குக்கு மேலே ஃபைலில் இருந்து, கீழே கார்டிலிருந்து. இரண்டையும் ஒட்ட ஓர் இரவு முழுக்க ஆனது. உற்றுப் பார்த்தால் மீசைக்கு மேலே ஒரு கோடு தெரியும். பையன் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போனான். அக்கா காசு வாங்கவில்லை.

இப்படி நடக்குமா என்றால், நடக்கும். டிஸ்க்குக்குள்ளேயே பிழை திருத்தும் ஏற்பாடு உண்டு என்பதால் பெரும்பாலும் அதுவே கண்டுபிடித்துவிடும். ஆனால் டிஸ்க்கின் உள் மென்பொருளில் கோளாறு, நடுவில் இருக்கும் கேபிள், கன்ட்ரோலர், மெமரி என்று வழியில் எங்கே ஒரு புள்ளி மாறினாலும் டிஸ்க் நல்ல பிள்ளையாகத் தப்பான தகவலைத் தரும். 2008-ல் வெளியான ஓர் ஆய்வு, 15 லட்சத்து 30 ஆயிரம் டிஸ்க்குகளை 41 மாதங்கள் கவனித்தது. தகவல் மாறிப்போய்விட்டதைக் காட்டும் சம்பவங்கள் 4 லட்சத்துக்கும் மேல் பதிவாயின. விலை குறைந்த ரக டிஸ்க்குகளில் இது பல மடங்கு அதிகம். ஆய்வை எழுதியவர்களில் முதல் பெயர் லட்சுமி பைரவசுந்தரம்.

பெயரைப் பார்த்ததும் ஒரு நிமிடம் நிற்கத் தோன்றுகிறது அல்லவா? அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ரெம்ஸி, ஆண்ட்ரியா ஆர்பாசி-டுஸோ தம்பதியிடம் ஃபைல் சிஸ்டம் ஆய்வு செய்தவர்கள் பட்டியலே அப்படித்தான் இருக்கிறது. விஜயன் பிரபாகரன் 2005-ல், டிஸ்க்கின் ஒரு பகுதி மட்டும் கெட்டால் ஃபைல் சிஸ்டம்கள் என்ன செய்கின்றன என்று எக்ஸ்ட்3, ரைசர்எஃப்எஸ், விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ் உள்ளிட்டவற்றை வேண்டுமென்றே கெடுத்துக் கெடுத்துப் பார்த்தார். ஒன்றுகூட எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை. தாணுமாலயன் சங்கரநாராயண பிள்ளையும் அவர் சகாக்களும் 2014-ல், திடீரென்று கரன்ட் போனால் மென்பொருள்கள் எழுதியது என்னாகும் என்று 11 பிரபல மென்பொருள்களைச் சோதித்தார்கள். 60 ஓட்டைகள். ஒரு ஃபைல் சிஸ்டத்தில் பத்திரமாக இருக்கும் மென்பொருள் இன்னொன்றில் சொதப்புகிறது என்பது அவர்கள் சொன்ன சேதி. விஜய் சிதம்பரம் வேலை செய்ததும் இதே துறையில், இதே கரன்ட் போகும் பிரச்னையில்தான். சுசீந்திரத்துச் சாமி பெயரை வைத்துக்கொண்டவர் ஹார்ட் டிஸ்க்கின் நம்பகத்தை ஆராய்ந்திருக்கிறார் என்பது பட்டினப்பாக்கத்து அக்காவுக்குத் தெரியாது. ஆனால் அவர் மேஜையில் நடந்தது அவர்கள் பாடம்தான்.

சித்தப்பாவும் மகனும்

பழைய லேப்டாப்பின் கீல் உடைந்ததும் மாற்றவேண்டிய கட்டாயம் வந்தது. ரிச்சி தெருவில் 8 ஜிபி மெமரி, 256 ஜிபி எஸ்.எஸ்.டி இருக்கிற செகண்ட்ஹேண்ட் லேப்டாப் ஒன்றைப் பிடித்தார்கள். லினக்ஸ் போட அண்ணன் மகன் வந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்புக்காக அக்காவின் தம்பியும் வந்திருந்தார். ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவர். எந்த ஃபைல் சிஸ்டம் என்ற இடத்தில் இரண்டு பேரும் முட்டிக்கொண்டார்கள்.

"அத்தை, பட்டர் எஃப்.எஸ் போட்டுடலாம்."

"வெண்ணெய் எல்லாம் வேணாம்டா. எக்ஸ்ட்4 போடு. பதினஞ்சு வருஷத்துக்கு மேல அடி வாங்கி நிக்குது."

பி.டி.ஆர்.எஃப்.எஸ் என்ற எழுத்துகளைத்தான் வாய்க்கு வசதியாக 'பட்டர்' என்கிறார்கள். 2007-ல் ஆரக்கிளில் இருந்த கிறிஸ் மேசன் தொடங்கியது. அதற்கு இரண்டு குணங்கள் உண்டு. ஒன்று, எழுதியதன் மேலேயே திருப்பி எழுதாது. புதிய இடத்தில் எழுதி முடித்துவிட்டுத்தான் பழையதை விடும். அதனால் நடுவில் கரன்ட் போனால் பழையது அப்படியே இருக்கும். நேற்றைய நிலையை ஒரு 'ஸ்னாப்ஷாட்' ஆக நிறுத்திவைத்துக்கொள்ளவும் முடியும், அதற்கென்று அமைத்துக்கொண்டால்.

அக்காவுக்கு முக்கியம் இரண்டாவது குணம். ஆதார் எண்ணில் 12-வது இலக்கம் முன்னால் இருக்கும் 11-ஐ வைத்துக் கணக்கிட்டது. நடுவில் ஓர் இலக்கத்தைத் தப்பாக அடித்தால் கடைசி இலக்கம் ஒத்துப்போகாது, 'தவறான எண்' என்று உடனே சொல்லிவிடும். பட்டர் எஃப்.எஸ், தான் எழுதும் ஒவ்வொரு கட்டத்துக்கும் இப்படி ஒரு சரிபார்ப்பு எண்ணைத் தனியே எழுதிவைக்கிறது. படிக்கும்போது கணக்குப் போட்டுப் பார்க்கும். ஒத்துவரவில்லை என்றால் ஃபைலைத் தராது. பிழை என்று சொல்லும். எக்ஸ்ட்4-ம் தன் கணக்கேட்டுக்கு அப்படிச் செய்கிறது. படத்தின் உள்ளடக்கத்துக்குச் செய்வதில்லை.

தம்பி சும்மா விடவில்லை. ரெட் ஹேட் நிறுவனம் 2017-ல் பட்டர் எஃப்.எஸ்-ஸைக் கைவிடுவதாக அறிவித்ததைச் சொன்னார். பல டிஸ்க்குகளைச் சேர்க்கும் ரெய்டு 5, 6 முறைகளை இன்னமும் அதில் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்கிறார்கள். எக்ஸ்ட்4 பெரிதாக அடிபட்டால் பழுது பார்க்கும் கட்டளை ஒன்று போதும். பட்டரில் அதே வேலையைச் செய்யும் கட்டளையின் கையேடே, 'விஷயம் தெரிந்தவர் சொல்லாமல் இதைத் தொடாதே' என்று பயமுறுத்துகிறது. எல்லாமே உண்மை.

மகனும் விடவில்லை. சூசே 2014-லேயே சிஸ்டம் இருக்கும் பகுதிக்கு இதைத்தான் வைத்துக் கொடுக்கிறது. ஃபெடோரா 2020 அக்டோபரில் தன் 33-வது பதிப்பிலிருந்து வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு இதையே இயல்பாக ஆக்கியது. ஃபேஸ்புக் தன் சர்வர்களில் ஓட்டுகிறது. இதுவும் உண்மை.

"ஃபேஸ்புக்ல டிஸ்க் போனா மாத்துறதுக்கு இன்னொரு டிஸ்க் இருக்கும்டா. அக்காகிட்ட இருக்கறது ஒண்ணே ஒண்ணு. கெட்டுப்போச்சுன்னு அது கண்டுபிடிச்சாலும், சரி பண்ண நல்ல காப்பி எங்க இருக்கு?"

மகன் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டான். ஒரே டிஸ்க்கில் கணக்கேடு மட்டும்தான் இரண்டு பிரதி இருக்கும். அது கெட்டால் தானே சரிசெய்துகொள்ளும். படம் கெட்டால் சொல்லத்தான் முடியும்.

அதுவரை அடுப்படியில் இருந்த அக்கா அப்போதுதான் வாயைத் திறந்தார். "சொன்னா போதும்டா. கெட்டுப்போச்சுன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா, ஹார்ட் டிஸ்க்ல இருந்த நல்லதை நான் அழிச்சிருப்பனா?"

அதற்குப் பிறகு அங்கே பெரிதாக விவாதம் இல்லை.

அக்கா சொன்னதில் விஷயம் இருக்கிறது. 'எது நம்பகமானது' என்று கேட்கும்போது எல்லோர் மனதிலும் இருப்பது, கரன்ட் போனால் எழுந்து வருமா என்ற கேள்விதான். அதில் இன்று எக்ஸ்ட்4, பட்டர் இரண்டுமே தேறியவை. ரெட் ஹேட்டின் சர்வர்களில் 2014 முதல் இயல்பாக வரும் எக்ஸ்.எஃப்.எஸ்-ஸும் அப்படியே. சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனம் 1990-களில் உருவாக்கியது அது. பெரிய பெரிய ஃபைல்களுக்கு ராஜா. ஆனால் ஒருமுறை பெரிதாக்கிய பகுதியைச் சுருக்க முடியாது. தப்பு நடந்தால் வாயைத் திறந்து சொல்லுமா என்ற கேள்வி தனி. அதற்கு வீட்டு லினக்ஸில் கிடைக்கும் எளிய விடை பட்டர். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2005-ல் வெளியிட்ட இசட்.எஃப்.எஸ் இதே வேலையை இன்னும் பக்குவமாகச் செய்யும் என்பார்கள். உரிமச் சிக்கலால் அது லினக்ஸ் கெர்னலுக்குள் சேரவில்லை; தனியாக மாட்டிக்கொள்ள வேண்டும். ஒரு டி.டி.பி கடைக்கு அவ்வளவு மெனக்கெடல் தேவையில்லை.

புதிதாகப் பளபளவென்று எது வந்தாலும் தாவுவதும் வேண்டாம். பிகேஷ்எஃப்எஸ் என்று ஒன்று 2024 ஜனவரியில் வெகு எதிர்பார்ப்போடு லினக்ஸ் கெர்னலில் சேர்ந்தது. அதை எழுதியவருக்கும் லினஸ் டோர்வால்ட்ஸுக்கும் ஒத்துப்போகவில்லை. 2025-ல் வெளியேறிவிட்டது. இன்னும் விபரீதம் ரைசர்எஃப்எஸ். ஒரு காலத்தில் சூசேயின் செல்லப்பிள்ளை. அதன் கர்த்தா ஹான்ஸ் ரைசர், மனைவியைக் கொன்ற வழக்கில் 2008-ல் தண்டிக்கப்பட்டுச் சிறைக்குப் போனார். அதற்கு முன்பே சூசே எக்ஸ்ட்3-க்கு மாறிவிட்டிருந்தது. பராமரிக்க ஆள் குறைந்து, 2025 தொடக்கத்தில் கெர்னலிலிருந்தே அதை எடுத்துவிட்டார்கள். கணக்குப்பிள்ளைக்குப் பிறகு கணக்கைப் பார்க்க ஆள் இருக்கிறதா என்பதும் பொண்ணு கொடுக்கும் இடத்தில் விசாரிப்பதுபோல விசாரிக்க வேண்டிய விஷயம்.

அமாவாசைக்கு அமாவாசை

கடைசியில் செய்தது இது. லேப்டாப்பில் லினக்ஸ் இருக்கும் பகுதி எக்ஸ்ட்4. அது கெட்டால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம், அழ வேண்டியதில்லை. வாடிக்கையாளர் படங்கள், பத்திரிகைகள் இருக்கும் பகுதி பட்டர் எஃப்.எஸ். பேக்கப் ஹார்ட் டிஸ்க்கும் பட்டர். தம்பி தன் பங்குக்கு ஒரு நிபந்தனை போட்டார். இரண்டும் ஒரே ஆள் எழுதிய கணக்காக இருந்தால் அந்த ஆள் செய்யும் ஒரே தப்பில் இரண்டும் போகலாம். ஆகவே மூன்றாவதாக ஒரு டிஸ்க், எக்ஸ்ட்4-ல், மகள் வீட்டில். மகள் இருப்பது வேளச்சேரி. 2015 டிசம்பர் ஞாபகம் வருகிறதா? மூன்றாவது மாடி என்று சொன்ன பிறகுதான் தம்பி சம்மதித்தார்.

இழுத்துப் போட்டு 'எல்லாவற்றையும் மாற்று' அழுத்தும் பழக்கமும் போனது. இப்போது ஆர்சிங்க் என்ற நிரல் புதிதாக வந்ததையும் மாறியதையும் மட்டும் நகலெடுக்கிறது. படிக்க முடியாத ஃபைல் வந்தால் அதை விட்டுவிட்டுப் புகார் சொல்கிறது. பேக்கப்பில் இருக்கும் நல்லது தப்பிக்கிறது.

நகலெடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருந்தது. இதைப் பலர் மறந்துவிடுவார்கள். பட்டர் எஃப்.எஸ் தன்னிடம் வந்த நாளிலிருந்துதான் சாட்சி. ஏற்கெனவே பாதி சாம்பலாகிவிட்ட படத்தைக் கொடுத்தால், அந்தச் சாம்பலுக்குச் சரிபார்ப்பு எண் போட்டு ஆயுசுக்கும் அப்படியே காப்பாற்றும்! அதேபோல மெமரியில் கோளாறு இருந்து, எண் போடுவதற்கு முன்பே தகவல் மாறிவிட்டால் அதற்கும் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் முதலில் ஓர் இரவு முழுக்க மெமரி சோதனை ஓடியது. அடுத்து, பழைய படங்களையெல்லாம் அத்தையும் மருமகனும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். நான்கு ராத்திரி. "இது யாருன்னு தெரியுதா? கத்திரிவலை பின்னுவாரே, அவரோட தம்பி" என்று ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு கதை சொன்னதில் வேலை இழுத்துக்கொண்டது. மேலும் மூன்று படங்கள் கெட்டிருந்தன. அதில் இரண்டுக்கு அச்சடித்த போஸ்டர் அந்தந்த வீடுகளில் கிடைத்தது. ஒன்றுக்குக் கிடைக்கவில்லை. அந்தக் குடும்பம் வீடு மாறிப் போய்விட்டது.

மாதம் ஒருமுறை 'ஸ்க்ரப்' ஓட்ட வேண்டும். டிஸ்க்கில் இருக்கும் எல்லாவற்றையும் முதலிலிருந்து கடைசி வரை படித்து, எண்களைச் சரிபார்க்கும் வேலை. இது இல்லையென்றால், யாரும் திறக்காத ஃபைல் கெட்டாலும் திறக்கும் நாளில்தான் தெரியவரும். தேதி மறந்துபோகும் என்பதால் அமாவாசைக்கு அமாவாசை என்று வைத்துக்கொண்டார் அக்கா. எஸ்.எஸ்.டி சில நிமிடங்களில் முடித்துவிடும். ஹார்ட் டிஸ்க்குக்கு நேரம் ஆகும். அதற்குள் சாம்பார் கொதித்துவிடும்.

இதுவரை அது ஒரே ஒரு முறைதான் குறை சொல்லியிருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கில், 2019-ல் அடித்த ஒரு காதுகுத்துப் பத்திரிகை. அந்தக் குழந்தைக்கு இப்போது காதில் ஓட்டை தூர்ந்தேகூடப் போயிருக்கலாம். அந்தப் பத்திரிகையை யாரும் கேட்டு வரப்போவதில்லை. இருந்தாலும் லேப்டாப்பிலிருந்த நல்ல காப்பியை எடுத்து மாற்றினார்.

எல்லோருக்கும் இவ்வளவு தேவையா என்றால், இல்லை. இரண்டு ஜிபி மெமரி, பழைய ஹார்ட் டிஸ்க், பாட்டு கேட்கவும் பாடம் படிக்கவும் மட்டும் ஒரு லேப்டாப் என்றால் எக்ஸ்ட்4 போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். பட்டர் எஃப்.எஸ் டிஸ்க்கை வாய் வரைக்கும் நிரப்பினால் மூச்சு முட்டும். எப்போதும் கொஞ்சம் காலியிடம் வேண்டும். ஸ்க்ரப்பை மறந்துவிடுகிற ஆள் அதைப் போட்டுப் பாதிப் பயன்தான். ஸ்னாப்ஷாட் இருக்கிறது, பேக்கப் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான். மூலமும் ஸ்னாப்ஷாட்டும் ஒரே டிஸ்க்கில் இருக்கின்றன. டிஸ்க்கே போனால் இரண்டும் போகும்.

பட்டினப்பாக்கத்தில் டிஸ்க் போக இன்னொரு காரணமும் காற்றில் இருக்கிறது. யு.எஸ்.பி வாயில் பச்சை பூத்து, மாட்டினால் வருவதும் போவதுமாக இருக்கும். எந்த ஃபைல் சிஸ்டத்தாலும் துருவை நிறுத்த முடியாது. செருப்புப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்துவைத்து, இறுக்கமாக மூடும் டிபன் பாக்ஸில் போட்டு, அதில்தான் ஹார்ட் டிஸ்க்கை வைக்கிறார் அக்கா. பாக்ஸின் மேலே 'இதில் சாப்பாடு இல்லை' என்று ஒட்டியிருக்கிறது. டி.டி.பி-காரர் வீடு, எழுத்து அழகாக இருக்கிறது.

சமாளிக்க முடியாதது வாடிக்கையாளர்களின் பென் டிரைவ்கள்தான். பெரும்பாலானவை எக்ஸ்ஃபேட் அல்லது அதற்கும் பழைய ஃபேட்32. விண்டோஸ், லினக்ஸ், டிவி, கார் எல்லாவற்றிலும் போகும், சிட்டை கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது உருவினால் மொத்தக் கணக்கும் குழம்பலாம். 'காப்பி ஆகிடுச்சு' என்று திரை சொன்னாலும் கடைசிப் பகுதி மெமரியிலேயே நின்று, மெதுவாகத்தான் பென் டிரைவுக்குப் போய்ச் சேரும். துக்க வீட்டு அவசரத்தில் வருகிறவர்கள் அதற்குள் பிடுங்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிடுவார்கள். பிரிண்டிங் கடையிலிருந்து போன் வரும், ஃபைல் திறக்கவில்லை என்று.

சாவு வீட்டுக்காரர்களிடம் பொறுங்கள் என்று எப்படிச் சொல்வது? அதனால் லேப்டாப்பைத் திருப்பி வைத்துவிட்டார். பென் டிரைவ் மாட்டும் பக்கம் இப்போது சுவரைப் பார்த்து இருக்கிறது. கை நீட்டினால் அக்காவுக்கு மட்டும்தான் எட்டும்.